கோடைக்கேற்ற எலுமிச்சை மோர்: வீட்டிலேயே செய்யும் முறை

(ஒரு கிராமப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு இப்பொழுது வாசிக்கப்பட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சொல்லி முடிந்தன. ஆனால் எந்தக் கணக்குப் புஸ்தகத்திலும் ஏறாத ஒரு நஷ்டம் ஒவ்வொரு கோடையிலும் நம் வீடுகளில் நடந்து வருகிறது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

நான் சுற்றுப்பிரயாணம் செய்யும் கிராமங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காண்கிறேன். விடியற்காலையில் கறந்த பால் முழுவதும் சங்கத்திற்குப் போகிறது. மாலையில் கறந்ததும் அவ்வாறே. நடுப்பகலில் வயலிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வரும் வீட்டுக்காரருக்கும், வெயிலில் விளையாடிவிட்டு வரும் குழந்தைக்கும் கொடுப்பதற்கு வீட்டில் ஒரு டம்ளர் மோர் இல்லை. கடையிலிருந்து சாயமும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்ப் புட்டி வருகிறது. தொழுவத்தில் இரண்டு பசு, வீட்டில் மோர் இல்லை! இதைவிட விசித்திரமான வறுமை வேறொன்று உண்டோ?

பாலை விற்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொன்னால் நான் கூட்டுறவு இலாகாவில் உத்தியோகம் பார்ப்பதற்கே அருகனல்லேன். 1904-ம் வருஷத்தில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதே வருஷத்தில் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் விவசாயிகளுக்கான கடன் சங்கம் பதிவாயிற்று. 1927-ம் வருஷத்தில் சென்னை அயனாவரத்தில் பால் சப்ளை கூட்டுறவு யூனியன் தோன்றியது. 1981-ம் வருஷத்தில் நமது மாகாணத்துப் பால் உற்பத்தியாளர் இணையம் பதிவாகி, இன்று ஆவின் என்ற பெயரால் பட்டிதொட்டியெங்கும் அறியப்படுகிறது. தரகனிடம் சிக்கிக் கிடந்த பால்காரக் குடியானவனுக்கு அளந்த பாலுக்கு அளந்த விலை கிடைக்கச் செய்தது இந்த இயக்கமே. ஆகையால் பாலை விற்கத்தான் வேண்டும். ஆனால் விற்பனை என்பது வீட்டின் தேவை போக மிஞ்சியதற்கே. விதை நெல்லை விற்று விருந்து செய்கிறவனும், பிள்ளையின் மோரை விற்றுச் சாயத் தண்ணீர் வாங்குகிறவனும் ஒரே தராசில் நிற்பவர்கள்.

ஆகவே இன்று உங்களுக்கு ஒரு பானத்தின் செய்முறையைச் சொல்லப் போகிறேன். அது எலுமிச்சை மோர். ஏடு கலந்து கெட்டியாய், நுரை ததும்ப, எலுமிச்சையின் வாசனையோடு இருக்கும். செலவு சொற்பம். சாமான்கள் யாவும் கொல்லையிலும் அடுப்பங்கரையிலும் உள்ளவை.

வேர்வையில் நாம் இழப்பது என்ன?

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் வந்துவிட்டால், அதாவது மே மாதம் முதல் வாரந் தொடங்கி அம்மாதக் கடைசி வாரம் வரையில், வெளியில் வேலை செய்கிறவர்களின் தேகம் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள வேர்வையை வெளிவிடுகிறது. மண்பானையின் மேற்புறம் கசிந்து உலர உலர உள்ளே உள்ள நீர் குளிர்கிறதல்லவா? அதே தத்துவந்தான் இதுவும். கடுமையான வெயிலில் கடுமையாக உழைக்கிறவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையிலுங்கூட வேர்வையாக இழக்கக்கூடும். வேர்வையை நாவில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதில் உப்பு இருப்பது தெரியும். ஆகவே நீரும் உப்பும் ஒருங்கே வெளியேறுகின்றன. இரண்டையும் ஒருங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெறும் சர்க்கரைத் தண்ணீர் நாவுக்கு இனிக்கும். உப்பைத் திருப்பிக் கொடாது. புட்டிகளில் விற்கும் இனிப்புப் பானங்களில் பெரும்பாலானவற்றில் நூறு மில்லிக்குப் பத்துக் கிராம் அளவில் சர்க்கரை கலந்திருக்கிறது. கால் லிட்டர் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் ஐந்து தேக்கரண்டி சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். அதற்குப் பிறகு சோறு இறங்குமா? தாய்மார்களே, "பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறான்" என்று நீங்கள் குறைப்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்றாயிருக்கலாம்.

மோரில் நீர் இருக்கிறது. நாம் போடும் உப்பு இருக்கிறது. பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. மோரில் சொற்பமாகவே உள்ளது வைட்டமின் சி என்னும் சத்து. அக்குறையை எலுமிச்சை நிரப்புகிறது. 1747-ம் வருஷத்தில் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பற்படை வைத்தியர், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் வருந்திய மாலுமிகளுக்குப் பலவித மருந்துகளையும் ஒப்பிட்டுக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்களே விரைவில் எழுந்தனர். அந்தச் சத்துக்கு வைட்டமின் என்ற பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே பழம் தன் வேலையைச் செய்து காட்டிவிட்டது.

பாலில் பிழியலாகாதா?

எலுமிச்சையைப் பாலிலேயே பிழிந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். பிழிந்தால் பால் திரிந்துபோகும் என்பது ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். காரணம் யாதெனில், பாலில் கேஸீன் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளிகளாய் மிதக்கிறது. புளிப்பு ஓர் அளவை எட்டியவுடன் அத்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எலுமிச்சைச் சாறு ஒரே கணத்தில் அவ்வளவைத் தாண்டச் செய்வதால் பால் திப்பி திப்பியாக உடைகிறது. உறை மோரோ, இதே வேலையை மெல்ல மெல்ல, மணிக்கணக்கில், நுண்ணுயிர்களைக் கொண்டு செய்விக்கிறது. ஆகையினால் பால் உடையாமல் ஒரே வழுவழுப்பாகத் தோய்ந்து தயிராகிறது. ஒரு தரம் முறையாய்த் தோய்ந்து, நன்றாய்க் கடையப்பட்ட தயிரில் பிறகு எலுமிச்சை பிழிந்தால் அது பாலைப் போல் உடைவதில்லை.

தென் அமெரிக்காவில் பிரேசில் தேசத்தார் எலுமிச்சையையும், சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டப்பாப் பாலையும், ஐஸையும் ஒன்றாய் அரைத்து வடிகட்டிக் குடிக்கிறார்கள். தோலோடு அரைப்பதால் நேரமானால் கசக்கும். ஆதலால் செய்த உடனே குடித்துவிடுவார்கள். அது அவர்களுடைய தேச வழக்கம். டப்பாப் பாலும் அரைக்கும் யந்திரமும் ஐஸும் தேவைப்படும் அந்தப் பானத்தைக் காட்டிலும், ஒரு மத்தும் ஒரு மண்பானையும் போதுமான நம்முடைய மோர் இக்கிராமத்திற்குத் தகுந்தது.

ஒரு கிராமத்தில் இதைச் சொன்னபோது வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர், "மோரே புளிப்பு, அதில் எலுமிச்சம்பழமுமா? புளிப்பின்மேல் புளிப்பா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் மனத்தில் இருந்தது முதல்நாள் தோய்ந்து மறுநாள் மாலை வரையில் கிடந்து புளித்த மோர். அதில் எலுமிச்சை சேர்த்தால் வாயில் வைக்க முடியாதுதான். நான் சொல்வது அன்று தோய்ந்த, இன்னும் தித்திப்பு மாறாத தயிரைப் பற்றி. அத்தகைய தயிருக்கு எலுமிச்சையினால் புளிப்பைவிட வாசனையே அதிகமாய்ச் சேரும். அந்த அம்மாளே ஒரு டம்ளர் பருகிவிட்டு, "இதில் நார்த்தை இலையையும் கசக்கிப் போட்டால் இன்னும் நன்றாயிருக்கும்" என்று திருத்தம் சொன்னார். அந்தத் திருத்தத்தையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

செய்முறை

ஐந்தாறு பேருள்ள குடும்பத்திற்கு வேண்டிய சாமான்கள்: பால் அரை லிட்டர், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், நடுத்தரமான எலுமிச்சம்பழம் இரண்டு, உப்பு தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, தோல் சீவிய இஞ்சி ஓர் அங்குலத் துண்டு, பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு, நார்த்தையின் இளந்தளிர் இரண்டு மூன்று, பெருங்காயம் ஒரு சிட்டிகை.

முதலாவது, தண்ணீர். இதிலேதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். 1884-ம் வருஷத்தில் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து, வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை அங்குள்ள குளத்து நீரிலேயே கண்டறிந்தார். கோடையில் கிணறும் குளமும் வற்றி அடிமட்டத்திற்கு வரும்போது அசுத்தம் மிகுகிறது. மோரில் புளிப்பு இருப்பதாலும் எலுமிச்சை பிழிவதாலும் கிருமிகள் மாண்டுவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. தேற்றாங்கொட்டையை உரைத்து விட்டால் கலங்கல் தெளியும். ஆனால் தெளிந்த நீர் யாவும் சுத்த நீரன்று. ஆகையால் முதல் நாள் இரவே தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து ஆற்றி, கழுவிய மண்பானையில் ஊற்றி மூடி, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, காற்றோட்டமான நிழலில் ஈர மணல்மேல் வையுங்கள். காலையில் தொண்டைக்கு இதமான குளிர்ச்சியோடு இருக்கும். பானையில் கையை விட்டு மொள்ளாமல் நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுங்கள். மீன் பெட்டிக்கென்று செய்யும் ஐஸ்கட்டியை எக்காரணத்தைக் கொண்டும் குடிக்கும் பானத்தில் போட வேண்டாம்.

இரண்டாவது, தயிர். பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் இளஞ்சூட்டிற்கு ஆற்றி, ஒரு சிறு கரண்டி நல்ல உறை மோர் விட்டுக் கலக்கி மூடி வைக்கவும். கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். விடியற்காலை நான்கு மணிக்கு உறை குத்தினால் பத்து மணிக்குத் தயார். இரவில் உறை குத்துகிறவர்கள் உறையின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தோய்ந்த தயிரை உடனே குளிர்ந்த நீருள்ள தட்டில் வைத்தால் மேலும் புளிக்காது. பச்சைப் பாலைக் காய்ச்சாமல் உறை குத்துவதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, வாசனைச் சரக்குகள். இஞ்சியையும் பச்சை மிளகாயையும் நசுக்கிக்கொள்ளவும். கறிவேப்பிலையையும் நார்த்தைத் தளிரையும் நடு நரம்பை நீக்கி உள்ளங்கையில் கசக்கவும். இவற்றை உப்புடனும் பெருங்காயத்துடனும் கால் லிட்டர் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டிச் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளவும். சக்கையோடு கலந்தால் குழந்தைகளுக்கு வாயில் அகப்பட்டுக் குடிக்க மாட்டார்கள். சிறு குழந்தைகளுக்கு மிளகாயை நீக்கிவிடலாம்.

நான்காவது, கடைதல். இந்தப் பானத்தின் கெட்டித்தன்மை இதில்தான் இருக்கிறது. தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையாகக் கொட்டிக் கலக்குவது பொதுவாக நடக்கும் பிசகு. அவ்வாறு செய்தால் தயிர் திவலை திவலையாக மிதக்கும். ஏட்டோடு கூடிய தயிரை முதலில் ஒரு சொட்டு நீருமின்றி மத்தினால் கடைந்து கூழ்போல் ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் நீர் விட்டுக் கடையுங்கள். பின்னர் வடிகட்டிய சாற்றையும் மீதித் தண்ணீரையும் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே கடையுங்கள். நுரை எழும்பியவுடன் நிறுத்திவிட வேண்டும். மேலும் கடைந்தால் வெண்ணெய் பிரிந்துவிடும்; மோர் மெலிந்துவிடும். வீட்டிற்கு நெய் வேண்டுமென்பவர்கள் வெண்ணெயை எடுத்துக்கொண்டு மீந்த மோரிலும் இதைச் செய்யலாம். சத்து பெரும்பாலும் குறையாது, கெட்டிதான் குறையும்.

ஐந்தாவது, எலுமிச்சை. பழத்தை நன்றாய்க் கழுவித் துடைத்து, பலகையின்மேல் உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு இளகி நிரம்ப வரும். ஒரு பழத்தின் மேல்தோலை மட்டும் மெல்லியதாக ஒரு சிறு சுருள் சீவி மோரில் போடுங்கள். வாசனைத் தைலம் அந்தத் தோலில்தான் உள்ளது. அதன் கீழுள்ள வெள்ளைப் பகுதி கசப்பு. விதையும் கசப்பு. ஆகையால் விதை நசுங்காமல் பிழிந்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். சாற்றைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னரே சேர்க்க வேண்டும். நேரம் செல்லச் செல்ல வைட்டமின் சி குறையும், வாசனையும் கெடும். தோற்சுருளைச் சில நிமிஷங்களில் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பானம், அதாவது கால் லிட்டர் டம்ளரில் ஆறு டம்ளர் கிடைக்கும்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மண், கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் இவற்றில் எதுவும் உத்தமம். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் கூடவே கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்து மோரில் கலந்து வாந்தியை உண்டாக்கும். அலுமினியப் பாத்திரத்திலும் நெடுநேரம் வைக்க வேண்டாம். காலையில் செய்ததைப் பிற்பகலுக்குள் குடித்துத் தீர்த்துவிட வேண்டும்.

இனிப்பும் எளிமையும்

இனிப்பு வேண்டுவோர், அரை லிட்டர் பாலைத் தோய்த்த தயிருடன் கால் லிட்டர் தண்ணீரும், எழுபத்தைந்து கிராம் சர்க்கரை அல்லது பொடித்த பனங்கற்கண்டும் சேர்த்துக் கடைந்து, ஒரு பழத்தின் சாறும் இரண்டு ஏலக்காயின் பொடியும் கலந்துகொள்ளலாம். உப்பு ஒரு சிட்டிகை போதும். இது விருந்தினருக்கும் விசேஷ நாளுக்கும் ஏற்றது. தினந்தோறும் குடிப்பதற்கு உப்பு மோரே மேலானது. நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பு மோரைத் தொட வேண்டாம்.

பசு இல்லாத வீட்டாரும் வருந்த வேண்டியதில்லை. நம்முடைய பாட்டிமார் அறிந்த நீராகாரம் இருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரைச் சோற்றில் ஊற்றி மூடிவைத்து, மறுநாட் காலையில் அந்த நீரை இறுத்து, ஒரு கரண்டி தயிரும் உப்பும் சேர்த்து ஆற்றி, அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கஞ்சியின் கொழகொழப்பே பாலேட்டின் வேலையைச் செய்துவிடும். நசுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு போட்டால் ருசி இன்னும் கூடும். உழவுக்குப் போகிறவனுக்கு இதற்கு இணையான காலைப் பானம் இல்லை. கோடையின் கடுமையில் சோறு அளவுக்கு மீறிப் புளித்துவிடுமாதலால் காலையிலேயே குடித்துவிட வேண்டும்.

கோடையில்தான் எலுமிச்சம்பழத்தின் விலையும் ஏறுகிறது. புளியங்குடிச் சந்தையிலிருந்தும் ஆந்திரத்துக் கூடூரிலிருந்தும் வண்டி வண்டியாய் வந்தாலும் தேவை அதைவிட மிகுதியாய் இருக்கிறது. இதற்கும் நம் வீடுகளில் பழைய உபாயம் உண்டு. நார்த்தங்காய் மலிந்த காலத்தில் சுருள் சுருளாக அரிந்து, உப்பில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, ஜாடியில் வைத்திருப்பார்கள். அதில் ஒரு சிறு துண்டை மோரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் எலுமிச்சையில்லாத குறை ஓரளவு தீரும். அப்பொழுது உப்பைக் குறைத்துப் போட வேண்டும்.

எச்சரிக்கைகள்

இப்பானம் தாகத்திற்கும் களைப்பிற்கும் உரியது. நோய்க்கு மருந்தன்று. குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை, அதன்மேல் அச்சிட்டிருக்கும் அளவுப்படி சுத்தமான நீரில் கரைத்து, சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பொட்டலம் கைக்கு வரும் வரையில் உப்பிட்ட நீர்மோரும் உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் கொடுக்கலாம். இனிப்புப் புட்டித் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகரிக்கும். கண் குழிந்து, நா வறண்டு, குழந்தை துவண்டு போனால் ஒரு நிமிஷமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

வெயிலில் வேலை செய்கிறவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, மோரை வாய் வாயாகக் கொடுக்கலாம். ஆனால் அவர் பிதற்றினாலும், நினைவு தப்பினாலும், உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலும், வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி உயிருக்கே அபாயம். உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108 வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள். இதை மட்டும் எல்லோரும் மனப்பாடமாய் வைத்துக்கொள்ள வேண்டும். தாகம் எடுக்கும் வரையில் காத்திராமல், வெயிலில் உழைப்பவர்கள் கால் மணி அல்லது இருபது நிமிஷத்திற்கு ஒரு தடவை ஒரு டம்ளர் அளவு நீராவது மோராவது அருந்துவதே அத்தகைய ஆபத்து வராமல் காக்கும் வழி.

இரத்தக் கொதிப்பும் மூத்திரக்காய் வியாதியும் உள்ளவர்கள் உப்பின் அளவைத் தங்கள் வைத்தியரைக் கேட்டு நிர்ணயித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு

நான் கணக்குப் பார்க்கிறவன். ஆகையால் கணக்கின்றி முடிக்க எனக்கு மனம் வராது. ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதத்தில் நாளொன்றுக்கு அரை லிட்டர் பாலை வீட்டிற்கென நிறுத்திக்கொண்டால் அறுபது நாளில் முப்பது லிட்டர் ஆகும். அந்த முப்பது லிட்டருக்குச் சங்கம் கொடுக்கும் கிரயத்தை ஒரு தாளின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். எலுமிச்சம்பழத்தின் கிரயத்தையும் அதன்கீழ்ச் சேருங்கள். வலப்பக்கத்தில், அதே இரண்டு மாதத்தில் கடையில் வாங்கிய புட்டிகளின் கிரயத்தையும், வைத்தியச் செலவையும், வெயிலில் சுருண்டு படுத்ததால் கெட்ட கூலியையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்திற்கு அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். எந்தப் பக்கம் கனக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் கணக்கில் முப்பது லிட்டர் குறைவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அங்கத்தினர் திடமாயிருந்தால் மாடும் திடமாயிருக்கும், சங்கமும் திடமாயிருக்கும்.

செய்ய வேண்டுவன

மூன்று காரியங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, கறவை உள்ள ஒவ்வொரு அங்கத்தினரும் கோடை முடியும் வரையில் குறைந்தது அரை லிட்டர் பாலை வீட்டிற்கென்று ஒதுக்குவதாகத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, அறுவடைக் களத்திலும் வாரச் சந்தையன்றும் சங்கத்தின் பேரால் ஒரு மோர்ப்பந்தல் வைக்க வேண்டும். ஸ்ரீராம நவமியன்று நீர்மோரும் பானகமும் வழங்குவதும், மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது அழகரைத் தரிசிக்க வரும் ஜனத்திரளுக்கு மோர் வார்ப்பதும் நம்முடைய முன்னோர் வகுத்த தர்மம். நூறு பேருக்கு இருநூறு மில்லி வீதம் இருபது லிட்டர் வேண்டும். அதற்குத் தயிர் ஐந்து லிட்டர், காய்ச்சி ஆறிய நீர் பதினைந்து லிட்டர், எலுமிச்சம்பழம் இருபத்தைந்து, உப்பு எழுபத்தைந்து கிராம், இஞ்சி இருநூறு கிராம், பச்சை மிளகாய் பதினைந்து போதும். வீட்டு மோரைவிடச் சற்று இளகலாயிருக்கும். தாகத்திற்கு அதுவே தகுந்தது. இச்செலவைப் பொதுநல நிதியிலிருந்து செய்வதற்குப் பைலா இடங் கொடுக்கிறதா என்று பார்த்து, தீர்மானம் எழுதிய பிறகே செய்ய வேண்டும். தர்மமானாலும் ரசீது வேண்டும். டம்ளர்களை ஒவ்வொரு தடவையும் கழுவ ஓர் ஆளை நியமியுங்கள். வார்க்கும் இடத்தில் யார் முன், யார் பின், யாருக்குத் தனிக் குவளை என்ற பேச்சே எழக்கூடாது. கூட்டுறவு என்ற சொல்லுக்கு அங்கேதான் பரீட்சை.

மூன்றாவது, வீட்டுக்கொரு எலுமிச்சைக் கன்று. பால்மாடு கட்டிய வீட்டில் எருவுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் தேங்காத இடமாய்ப் பார்த்து, மழைக்கால ஆரம்பத்தில் குழி தோண்டி, மக்கிய தொழு உரமிட்டு நடுங்கள். இரண்டு கன்று நடுவோர் இடையே ஐந்து ஆறு மீட்டர் இடம் விட வேண்டும். பாத்திரம் அலம்பும் நீரைத் திருப்பிவிட்டால் போதும். நான்கைந்து வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். இன்று பாலுக்கு அழுகிற குழந்தை பள்ளிக்கூடம் போகும் காலத்தில், தன் வீட்டுக் காயைப் பறித்துத் தன் வீட்டு மோரில் பிழிந்துகொள்ளும்.

வெயிலின் கொடுமையைக் குறைக்க நம்மால் முடியாது. அதன் முன் நம்முடைய ஜனங்கள் வாடி விழாமல் காப்பது நம்மால் முடியும். அதற்கு வேண்டிய பசு நம்மிடம் இருக்கிறது, பானை இருக்கிறது, மத்து இருக்கிறது. காலையில் பால் அளக்கக் கிளம்பும்போது அரை லிட்டரை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்ற ஞாபகம் ஒன்றுதான் குறைவு. அதை உண்டாக்கவே இவ்வளவு நேரம் பேசினேன். கூட்டம் முடிந்ததும் காரியதரிசியவர்கள் வீட்டிலிருந்து வந்திருக்கும் ஒரு பானை எலுமிச்சை மோரை யாவரும் பருகிவிட்டே செல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ருசியில் குறையிருந்தால் தாய்மார்கள் திருத்தம் சொல்லலாம். நல்ல திருத்தங்களை அடுத்த கிராமத்திற்கும் எடுத்துச் செல்வேன்.